கிடாய்த் தலையும் உதவி நிலையமும்

தல்திகோர்கான் நகரத்துப் பஸ் நிலையத்துக்கு எதிரே ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பைத்தான் என்ற கணினி மொழியைப் புதிதாகக் கற்கிறவர்கள் சிக்கலில் மாட்டிக்கொண்டால் கைகொடுத்துத் தூக்கிவிடுவதற்காகக் கட்டியது. பெயர், தொடக்கநிலைப் பைத்தான் பயில்வோர் உதவி நிலையம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கலக் கை. உதவிக்கரமாம். உள்ளங்கை தெருவைப் பார்த்து விரிந்திருப்பதால், "அங்கேயே நில்" என்று சொல்வதுபோல்தான் எனக்குப் படும்.

என் அத்தான் பெய்செம்பாய்க்கு வந்த சிக்கல் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி ஒரு வரிசையில் ஆட்களை எண்ணும்போது ஒன்று என்று தொடங்காது. பூஜ்யம் என்று தொடங்கும். அவ்வளவுதான். இதை யாராவது அவர் காதில் போட்டிருந்தால் தேநீர் ஆறுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். போடாமல் இருப்பதற்குத்தான் ஐந்து மாடி தேவைப்பட்டிருக்கிறது.

அத்தான் ஜார்கெந்தில் வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரை இன்னார் வயலுக்கு இத்தனை நேரம் என்று பிரித்துவிட்ட கை. அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போனதும் கைப்பேசியில் பாடம் பார்த்துப் பைத்தான் படிக்க ஆரம்பித்தார். அக்கா முதலில் பயந்தாள். அப்புறம் மனுஷன் வீட்டில் சத்தமில்லாமல் இருக்கிறாரே என்று விட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில் இரண்டாவது மகள் அக்போத்தாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண்ணை அனுப்பிவைக்கும் விருந்து எங்கள் வீட்டுப் பொறுப்பு. எங்கள் பக்கம் விருந்தில் இறைச்சி வைப்பது விளையாட்டுக் காரியமில்லை. எந்த எலும்பு யார் தட்டுக்கு என்பதில்தான் மானமே இருக்கிறது. வேகவைத்த கிடாய்த் தலை மூத்த விருந்தாளிக்கு. இடுப்பெலும்பு அவருக்கு அடுத்தவருக்கு. நெஞ்செலும்பு மாப்பிள்ளைக்கு. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி உண்டு: அப்பா உயிரோடு இருக்கிறவன் தலையைத் தொடக்கூடாது. அவன் முன்னால் தலையை வைத்தால், "உன் அப்பனைப் புதைச்சாச்சு" என்று சொன்ன மாதிரி. மூத்த மகள் விருந்தில் ஒரே ஒரு இடுப்பெலும்பு இடம் மாறிப் போனது. அந்தச் சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் எங்களைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடக்கிறார்கள். மூத்தவள் தாய்வீட்டு வாசலை மிதித்து வருஷக்கணக்காகிறது. அத்தான் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அவள் படத்தைத் தாண்டிப் போகும்போது செருமுவார், அவ்வளவுதான்.

அதனால் இந்தத் தடவை பங்கு பிரிக்கும் வேலையைக் கணினியிடம் விடுவது என்று முடிவு செய்தார். புதுச் சம்பந்தி தோலெகெனிடம் சவாலே விட்டுவிட்டார்.

"மனுஷன்தான் தப்புப் பண்ணுவான் சம்பந்தி. மிஷின் பண்ணாது. பாருங்க, உங்க ஆளுங்க ஒருத்தர் முகம் கோணாது."

எலும்புகளுக்கு அவரே எண் எழுதினார். தலை ஒன்று, இடுப்பெலும்பு இரண்டு, இப்படி. விருந்தாளிகளை மரியாதை வாரியாக வரிசைப்படுத்திவிட்டு, அவர்களுக்கு எண் போடுவதைக் கணினியிடம் விட்டார். அந்தந்த எண் எலும்பு அந்தந்த எண் ஆளுக்கு. இந்தக் கட்டளைகளை நிரலாக எழுதி ஓட்டிப் பார்த்தார். வரிசையின் முதல் ஆள், மாப்பிள்ளையின் தாத்தா ஒத்தார்பாய். தொண்ணூறை நெருங்கியும் ஏணி இல்லாமல் குதிரை ஏறுகிற ஊர்ப் பெரியவர், எங்கள் பேச்சில் ஆக்சகால். அவர் தட்டில் ஒன்றுமில்லை. கிடாய்த் தலை, அவர் மகன் தோலெகெனுக்கு! மாப்பிள்ளையின் நெஞ்செலும்பு, ஏற்கெனவே இரண்டு கல்யாணம் முடித்த அவருடைய வழுக்கைச் சித்தப்பாவுக்கு. கடைசியில் ஒரு சிவப்பு வரி: அந்த எண்ணில் ஆள் இல்லை.

கிழவர் எழுந்து போனால் அவர் ஆட்கள் மொத்தமும் எழுந்து போவார்கள். இரண்டாவது மகளும் மூத்தவளைப் போல வீட்டில் வெறும் படமாகிவிடுவாள்.

"பேசாம கையால எழுதி வச்சிடுங்களேன்" என்றாள் அக்கா.

"தோலெகென்கிட்ட சொல்லிட்டேனேடி! மச்சான், வண்டிய எடு. அரசாங்கம் இதுக்குன்னே ஒரு ஆபீஸ் வச்சிருக்குதாம்."

எடுத்தேன். என் பழைய நிவா காரைச் சபிக்காத நாள் இல்லை. ஆனால் அன்று அது மட்டும்தான் நேராகப் போனது.

கீழ்த் தளத்து ஜன்னலில் பக்தாகுல் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அத்தான் தன் கணினியைத் திறந்து காட்டினார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஓ, இதுவா!"

"எது?" என்று அத்தான் ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்தார்.

"அதச் சொல்லக்கூடாதுங்க, பெய்செகே." எங்கள் வழக்கப்படி பெயரைச் சுருக்கி, மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். மரியாதையில் அந்தக் கட்டடத்தில் யாரும் குறை வைத்ததில்லை. அவள் தலைக்கு மேல் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது: பதில் சொல்வது உதவிக்குக் கேடு.

"பதில் சொன்னா கத்துக்கிறவங்க கெட்டுப் போயிடுவாங்க. நாங்க யோசிக்க வைப்போம்."

"இந்த மாசக் கடைசியில கல்யாணம்மா!"

"உங்களுக்கா?"

"என் மகளுக்கு!"

"சந்தோஷம். அப்ப நல்லா யோசிங்க. அதுக்கு முன்னால, நீங்க தொடக்கநிலைதான்னு நிரூபிக்கணும். மத்தவங்களுக்கு நாங்க உதவக்கூடாது."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"தெரியாதுங்கிறது உங்களுக்குத் தெரியுதே. அங்கதான் இடிக்குது."

அறியாமைத் தேர்வு இரண்டாவது மாடியில் நடந்தது. கணினியை எப்படித் திறப்பது என்று கேட்டார்கள். அத்தான் வெகுளி, திறந்து காட்டினார். தோற்றுப்போனார். தகுதிக்கு மேல் அறிவு இருப்பதாகச் சொல்லி மறதி வகுப்பில் சேர்த்தார்கள். தினம் காலையில் வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். நடுநடுவே ஒருவர் வந்து, "இன்னும் ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று அன்பாக விசாரிப்பார். பக்கத்து நாற்காலியில் ஒரு கணக்கு வாத்தியார் இரண்டு மாதமாக உட்கார்ந்திருந்தார். வாய்ப்பாடு மட்டும் போகமாட்டேன் என்கிறதாம். அத்தான் கெட்டிக்காரர், வாரத்துக்குள் தேறிவிட்டார். வீடு திரும்பியபோது அக்காவின் பெயரைச் சற்று யோசித்துத்தான் சொன்னார்.

தொடக்கநிலையாளர் என்று கழுத்தில் ஒரு பட்டை மாட்டி மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே சிறிதாக்கும் பிரிவு. அதன் தலைவர் கல்கமான், நகத்தைக்கூட ரொம்பச் சிறிதாக வெட்டியிருந்தார். திரையைப் பார்த்தார்.

"ஓ, இதுவா!"

"அண்ணே, புண்ணியமாப் போகும், எதுன்னு சொல்லிடுங்க."

"சொல்லலாம். ஆனா பிழை பெரிசா இருந்தா எங்க கண்ணுக்குத் தெரியாது. சின்னதாக்கணும். எதுக்கு இத்தன விருந்தாளி?"

"கல்யாணம்ங்க."

"பாதியா வெட்டுங்க."

வெட்டினார். அத்தை, மாமா, ஆயாகோஸ் ஊர்ச் சொந்தம் அத்தனையும் போனது.

"இன்னும் பெரிசாத்தான் இருக்கு. மாப்பிள்ளை எதுக்கு?"

"மாப்பிள்ளை இல்லாம எப்படிங்க?"

"பிழைக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டா? இல்ல பாருங்க. எடுங்க. இந்தக் கிழவரையும் எடுங்க."

"ஐயோ, பிரச்சினையே அவருதாங்க!"

"அப்ப எடுத்தாப் பிரச்சினை போச்சுல்ல?"

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, கடைசியில் வரிசையில் ஒருவரும் இல்லை, ஆளோடு அவரவர் எலும்பும் போயிருந்தது. கல்கமான் ஓட்டினார். யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. சிவப்பு வரியும் வரவில்லை.

"பாத்தீங்களா? விருந்தாளி இல்லேன்னா பிழையே இல்ல. உங்க நிரல் சுத்தம். கல்யாணத்துலதான் கோளாறு." தீர்ந்தது என்று ஒரு முத்திரையைக் கழுத்துப் பட்டையிலேயே குத்தினார்.

அத்தான் அமைதியான மனிதர். வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டியோடு வருகிறவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாதவர். அன்று நடைவழியில் நின்று போட்ட கூச்சலில் கண்ணாடிச் சுவர் நடுங்கியது. நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். அன்றைக்குத்தான் அந்தக் கட்டடத்தில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது.

கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் மார்தென் சகாபோவிச் வெளியே வந்தார். கோபமே இல்லை. பொங்கிப் பூரித்துப் போயிருந்தார்.

"நிஜமான குடிமகன்! நிஜமான பிழை! கட்டடம் திறந்ததுலேர்ந்து ஒண்ணத் தீர்த்ததாக் காட்டுங்கன்னு மேலிடத்துல உயிர எடுக்கிறாங்க. காட்டுங்க, காட்டுங்க."

திரையைக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தாடையைத் தடவினார்.

"ஓ... இதுவா!"

அவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஐந்தாவது மாடியில் அறிஞர் சபை கூடியது. எங்கள் வழக்கத்தில் பெரியவர்களுக்குச் சப்பான் என்ற பூவேலை அங்கி போர்த்துவோம். அந்தச் சபையிலோ ஒவ்வொரு அறிஞரும் பேசும் முன் இயக்குநருக்கு ஒன்று போர்த்தினார். மதியத்துக்குள் அவர் மெத்தைக் கடை மாதிரி ஆகிவிட்டார். தீர்மானத்துக்குக் கை தூக்க முடியவில்லை. இரண்டு பேர் பக்கத்தில் நின்று அவர் கையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

இயக்குநர் உரையாற்றினார்: "தோழர்களே, ஒரு பிழையத் தீர்க்கிறது சுலபம். யாரு வேணா தீர்ப்பான். ஆனா தீர்த்த பிழை திரும்பி வருமா? வராது. ஒவ்வொரு பிழையும் நம்ம நிலையத்தோட சொத்து. போன வருஷம் யாரோ ஒரு ஊழியர் ஒரு மாணவிக்குப் பதிலச் சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு திரும்பி வரவே இல்ல! எத்தன பெரிய இழப்பு! நாம உதவுறவங்க. உதவி முடிஞ்சுடாமப் பாத்துக்கிறதுதான் நம்ம கடமை."

கை தட்டினார்கள். இயக்குநரும் தட்ட முயன்றார், கைகள் சந்திக்கவில்லை.

பிறகு நிரலைப் பெரிய திரையில் போட்டார்கள். அத்தனை பேர் முகத்திலும் அந்த மலர்ச்சி. அத்தனை வாயும் "ஓ" என்று குவிந்து மூடிக்கொண்டது. ஆனால் ஒரு மூத்த அறிஞர் மட்டும் கொதித்து எழுந்தார். பைத்தானில் சில வரிகள் உள்ளே தள்ளி இருக்கும். ஒரு கட்டளைக்கு அடங்கிய வரிகளை அப்படித்தான் எழுத வேண்டும். அறிஞருக்கு அது வேறு மாதிரி பட்டது.

"வாசல்லேர்ந்து உள்ள தள்ளி இருக்கிறதுதானே தோர்? மரியாதைக்குரியவங்க உக்கார்ற இடம்? அங்க யாரு உக்காந்திருக்கா பாருங்க! எலும்பு வைக்கிற சாதாரண வரி! நம்ம நிலையத்தோட பேரு இருக்கிற வரி வாசப்படியில செருப்போட செருப்பாக் கெடக்குது!"

சபை கொந்தளித்தது. "இந்த நிரலை அருளியவர் இயக்குநர் மார்தென் சகாபோவிச்" என்று புது வரி எழுதி, திரையின் கடைசிவரை உள்ளே தள்ளி உட்காரவைத்தார்கள். ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. கணினிக்கு மரியாதை தெரியவில்லை என்று கண்டனத் தீர்மானம் போட்டார்கள். கடைசியில் பக்தாகுலைக் கூப்பிட்டார்கள். அவள் அந்த வரிக்கு முன்னால் குறுக்கு நெடுக்காகக் கோடு போட்ட ஒரு சின்னக் குறி வைத்தாள். நிரல் ஓடிற்று.

"கிரீடம் வச்சதும் பணிஞ்சிட்டது பாருங்க!" என்றார் மூத்த அறிஞர். அந்தக் குறி போட்ட வரியைக் கணினி படிக்கவே படிக்காது என்பதை யாரும் இயக்குநரிடம் சொல்லவில்லை.

நிரல் பிழையற்றது என்று சபை அறிவித்தது. இனி ஓர் எழுத்தையும் யாரும் மாற்றக்கூடாது. வெட்டிய விருந்தாளிகளையும் எலும்புகளையும் மட்டும் அத்தான் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், புது ஆட்களைச் சேர்க்க இயக்குநருக்கு மட்டும் அதிகாரம். விருந்துக்கு அவரே நேரில் வருவார். தொலைக்காட்சியும் வரும். ஒவ்வொரு பெயரையும் எலும்பையும் கணினி சொல்லச் சொல்ல ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்.

"மச்சான்" என்றார் அத்தான், திரும்பி வரும் வழியில். "மிஷின் என்ன சொன்னாலும் நீ தலையக் கொண்டுபோய்க் கிழவர் முன்னால வச்சிடு."

"மைக்ல தோலெகென் பேரச் சொன்னப்புறம் தட்ட மாத்தி வச்சு என்ன புண்ணியம், அத்தான்?"

அத்தான் கழுத்துப் பட்டையைத் தூக்கி, தீர்ந்தது என்ற முத்திரையை ஒரு தடவை வாசித்துப் பார்த்தார்.

விருந்து நாள் வந்தது. மண்டபம் நிறையச் சனம், துருத்திப் பெட்டி, தோம்ப்ராத் தந்திவாத்தியம், மலையாய்க் குவித்த பவுர்சாக் பணியாரம். அக்போத்தா வெள்ளை முக்காட்டுக்குள்ளிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்தார்பாய் ஆக்சகால் தோரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகன் தோலெகென். அப்போது இயக்குநர் சபையில் போர்த்திய அத்தனை அங்கியோடும் பரிவாரத்தோடும் நுழைந்து, நேராகப் போய்க் கிழவருக்கும் மேலே, சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். கிழவர் நகர்ந்து இடம் கொடுத்தார். மீசை மட்டும் துடித்தது.

இயக்குநர் திரையைப் பார்த்தார். "என் பேரு எங்க?"

"நீங்க நிரல்ல கிரீடத்தோட இருக்கீங்களே" என்றாள் பக்தாகுல்.

"அது பெருமைக்கு. இது கறிக்கு. வரிசையில மொதல் ஆளா என்னப் போடு."

பக்தாகுலின் முகத்தில் அந்த மலர்ச்சி வந்தது. "ஐயா, மொதல் எடத்துல போட்டா..."

"ஏன்? எனக்கு மொதல் எடம் கூடாதா?"

"கூடும் கூடும். நீங்களே யோசிங்கன்னு சொல்ல வந்தேன்." போட்டுவிட்டாள்.

அத்தான் என் கையைப் பிடித்தார். சபை பிழையைத் தீர்த்திருந்தால் தலை இயக்குநருக்குப் போகும். அப்புறம் எல்லாருக்கும் ஒரு படி இறக்கம். தீர்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிற தெம்பு அவருக்கு இல்லை. மறதி வகுப்பு அந்த அளவுக்கு வேலை செய்திருந்தது. எப்படியும் மானம் போகப் போகிறது என்று மட்டும் தெரிந்தது.

நான் தலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றேன். ஆவி முகத்தில் அடித்தது. துருத்திப் பெட்டி நின்றது.

"முதல் எலும்பு" என்றது ஒலிபெருக்கி. "கிடாய்த் தலை. பெறுபவர்..."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒத்தார்பாய் ஆக்சகால்!"

எனக்குக் கால் தரையில் படவில்லை. ஓடிப் போய் வைத்தேன். கிழவர் கத்தியை எடுத்து நிதானமாகக் கிடாயின் காதை அறுத்து ஒரு பேரக்குழந்தையிடம் நீட்டினார். "இடுப்பெலும்பு, தோலெகென்!" என்றது ஒலிபெருக்கி. நெஞ்செலும்பு மாப்பிள்ளைக்கே! வழுக்கைச் சித்தப்பாவுக்கு அவருக்கு உரிய தோள்பட்டை! ஒவ்வொரு தட்டும் அதனதன் வீட்டுக்குத் திரும்பும் மாடு மாதிரி நேராகப் போய்ச் சேர்ந்தது. கடைசிப் பெயரும் வாசித்தாகிவிட்டது. சிவப்பு வரி வரவில்லை. கிழவர் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னார். அந்த ஆசியை வாங்கிக்கொண்டு மண்டபமே உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டது. தோலெகென் எழுந்து வந்து அத்தானைக் கட்டிப் பிடித்து, "சம்பந்தி, இது மிஷின்!" என்றார். அத்தான் அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான். மறைப்பானேன்?

எல்லாரும் சாப்பிடத் தொடங்கினார்கள். இயக்குநர் மட்டும் அங்கி அடுக்கில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தார். முன்னால் காலித் தட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் கறிச்சாறு. தொலைக்காட்சிக்காரர் அந்தத் தட்டையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெய்செகே" என்று இயக்குநர் மெதுவாகக் கூப்பிட்டார். "நான்தானே மொதல் ஆளு? என் எலும்பு எங்க?"

அத்தான் அவரைப் பார்த்தார். காலித் தட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. விரலை மடக்கி இயக்குநரிலிருந்து எண்ண ஆரம்பித்தார். ஒரு தடவை ஒன்று என்று தொடங்கினார், நிறுத்தினார். பூஜ்யம் என்று தொடங்கி மறுபடி எண்ணினார். பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"ஓ, இதுவா!"

"எது?" என்றார் இயக்குநர். அந்தக் கேள்வியில் பாசாங்கு இல்லை. மனுஷனுக்கு நிஜமாகவே தெரியாது! நடைவழியில் "ஓ... இதுவா" என்றபோதும் தெரியவில்லை, ஐந்தாவது மாடியிலும் தெரிந்திருக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்தாகுல் குலுங்கினாள்.

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க பெய்செகே. எங்க தப்பு?"

"ஐயையோ, அதச் சொல்லக்கூடாதுங்களே" என்றார் அத்தான், அவ்வளவு மரியாதையாக. "பதில் சொன்னா கத்துக்கிறவங்க கெட்டுப் போயிடுவாங்க." தன் கழுத்துப் பட்டையைக் கழற்றி, அத்தனை அங்கிகளுக்கும் மேலே இயக்குநர் கழுத்தில் மாட்டினார். கறிச்சாற்றுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆறுது, குடிங்க. குடிச்சிக்கிட்டே நல்லா யோசிங்க."